பதினேழாம் நம்பர் நிலம்

ஹேஸலுக்கு நிலம் கிடைத்த சேதி வந்தபோது அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். ஃபோன் செய்தவள் பெரில். ஷெஃபீல்டு நகரத்தில் எங்கள் மலைச்சரிவிலுள்ள அலாட்மென்ட் தோட்டங்களுக்கு அவள்தான் செயலாளர். நிலம் நகரசபையுடையது. ஆளுக்கொரு துண்டை வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடுகிறோம். யாராவது செத்தாலோ முதுகு ஒடிந்தாலோதான் ஒன்று காலியாகும்.

"பதினேழாம் நம்பர் காலியாயிருக்கு, ஹேஸல் கண்ணு. இப்பவே சொல்லிடறேன், வெறும் காடு. வந்து பாத்துட்டு முடிவு பண்ணு."

"பாக்க வேணாம். எனக்கு வேணும்."

"அடுத்த வசந்தத்துல கமிட்டி சுத்திப் பாக்க வரும். அதுக்குள்ள கால்வாசியாவது சுத்தம் பண்ணலேன்னா பிடுங்கிக்குவோம். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன் பெரில். என் பேரை எழுதிக்க."

ஹேஸலுக்குக் காய்கறி மேல் பெரிய ஆசை எதுவும் கிடையாது. அவளுக்கு வேண்டியிருந்தது வாரத்தில் இரண்டு மணி நேரம், யாரும் கூப்பிடாத இடம்.

அவள் புருஷன் நெவில் பஸ் ஓட்டியவன். நல்ல டிரைவர், வாயாடி, வயதானவர்கள் உட்காரும்வரை வண்டியை நகர்த்தாதவன். ஒருநாள் காலை பாலத்தின் நடுவில், உள்ளே நின்றுகொண்டிருந்த ஜனத்தோடு பஸ்ஸை நிறுத்திவிட்டான். நெஞ்சு அடைத்தது, கை ஸ்டியரிங்கை விட மறுத்தது. மாரடைப்பென்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். இதயத்தில் ஒரு குறையுமில்லை. பயம், அவ்வளவுதான் என்றார்கள். அந்த அவ்வளவுதான் அவனை விட்டுப் போகவில்லை. பிறகு அவன் பஸ்ஸைத் தொடவில்லை. கொஞ்ச நாளில் தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போவதும் நின்றது. வீட்டில் தனியாக இருப்பதும் முடியாமல் போயிற்று. ஹேஸல் வேலைக்குப் போனால் ஃபோன் அடிப்பான். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்பான். அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே, படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். மாத்திரை கொடுத்தார்கள், ஆலோசனைக்குக் கூப்பிட்டார்கள். அவள் கூட வந்தால் போவேன் என்றான். அவளும் போனாள்.

கெட்டவனென்றால் சண்டை போடலாம். பயந்தவனோடு என்ன செய்வது?

நிலம் கிடைத்ததை அன்று ராத்திரி சாப்பாட்டில் மெதுவாகச் சொன்னாள். நெவில் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"எவ்வளவு நேரம் போவ?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டுந்தான். ரெண்டு மணி நேரம்."

"நானும் வர்றேன்."

"ஒரே முள்ளும் சேறுமா இருக்குமாம் நெவ். குளிர் வேற."

"நான் ஓரமா உக்காந்துக்கறேன். நான் இருக்கறதே உனக்குத் தெரியாது, பாரு."

பெரில் பொய் சொல்லவில்லை. பதினேழாம் நம்பரில் மண்ணே கண்ணில் படவில்லை. பிளாக்பெரி முள் ஆளுயரத்துக்கு வளைந்து, நுனி மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் மறுபடி வேர்விட்டு, வேலிக்கு வேலி பின்னிக் கிடந்தது. அதற்குள் ஒரு குளியல்தொட்டி, கண்ணாடிச் சில்லு, யாரோ களையை மூடிச் சாகடிக்கப் போட்டுவிட்டுப் போன பழைய கம்பளங்கள். அந்தக் கம்பளத்தையும் துளைத்துக்கொண்டு புல் வந்திருந்தது.

ஹேஸல் தடித்த கையுறை மாட்டி, நீளக் கத்தரியால் ஒவ்வொரு கொடியாக வெட்டி இழுத்தாள். முதல் ஞாயிறு முடிந்தபோது ஒரு சாப்பாட்டு மேஜை அளவு மண் தெரிந்தது. கை, கழுத்து, கன்னமெல்லாம் கீறல். ஆனாலும் அந்தக் கறுப்பு மண்ணைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வரும்போல ஒரு சந்தோஷம் வந்ததாம். அவளே என்னிடம் சொன்னாள். என் நிலம் அடுத்த வரிசையில்தான்.

நெவில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், கழுத்துவரை போர்வை சுற்றிக்கொண்டு. வாய் மட்டும் ஓயாது.

"அதை வேரோட எடு ஹேஸ், இல்லேன்னா திரும்ப வந்துடும். இந்தப் பக்கம் வா, அங்க போனா நீ கண்ணுக்குத் தெரியல. ஹேஸ்? கேக்குதா?"

"கேக்குது."

"பதில் சொல்லு அப்ப. எனக்குப் பதறுதில்ல?"

பக்கத்து நிலத்து எவர்ட்டன் வேலி மேல் சாய்ந்து சிரிப்பார். ஜமைக்காவில் பிறந்து, இங்கே இரும்பு ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து கேட்டைத் தாண்டி, மேட்டுத் தெருவில் நாலாவது வீடு அவருடையது.

"என்ன நெவில், மேஸ்திரி வேலை பலமா நடக்குதோ? நாற்காலிக்குச் சக்கரம் வச்சுத் தரவா? கூடவே உருண்டு போகலாம்."

நெவிலும் சிரிப்பான். ஹேஸல் சிரிக்க மாட்டாள். புதருக்குள் குனிந்துகொள்வாள். அவள் முள்ளை வெட்ட வெட்ட மறைப்பு குறைந்தது. நிலம் வெளிச்சமாக ஆக ஆக, நாற்காலியிலிருந்து பார்த்தால் அவள் எங்கே நின்றாலும் தெரிந்தது. வீட்டின் நாலு சுவரையும் இவன் சுமந்து வந்து இங்கே நட்டுவிட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. கோபம்கூட வரவில்லை, மூச்சு முட்டியது. அதனால்தான் அந்த நவம்பர் ஞாயிறு, வெட்டிய இடத்தை விட்டுவிட்டு, நிலத்தின் கடைக்கோடியில் புதர் அடர்ந்த மூலைக்குள் வேண்டுமென்றே நுழைந்தாள்.

தூறல். குளிர். தோட்டத்தில் வேறு ஒருவரும் இல்லை. அவள் ஒரு கம்பளத்தின் நுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அதன் மேல் ஏறி நின்று, முள்வேரை வெட்டக் காலை ஊன்றினாள். கீழே ஏதோ மடேரென்று முறிந்தது.

யாரோ ஒரு காலத்தில் தண்ணீர் சேர்க்கச் செங்கல் தொட்டி ஒன்றைப் பூமிக்குள் கட்டி, பிறகு வேண்டாமென்று ஒரு மரக்கதவால் மூடி, அதன் மேல் கம்பளத்தையும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கதவு உளுத்துப்போயிருந்தது. ஹேஸல் தலைக்கு மேல் ஆழத்தில், முழங்கால்வரை சேற்றுத் தண்ணீரில் விழுந்தாள். இடது கணுக்கால் அவள் உடம்புக்கு அடியில் மடங்கியது. பின்பாக்கெட்டிலிருந்த ஃபோனை எடுத்துப் பார்த்தாள். அதிலிருந்து தண்ணீர்தான் வந்தது.

"ஹேஸ்! ஹேஸ்! எங்க இருக்க?"

"இங்க. குழிக்குள்ள. பக்கத்துல வராத, நீயும் விழுந்துடுவ."

விளிம்பில் அவன் முகம் தெரிந்தது. சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ஏறி வா. கையக் குடு."

"ஏற முடியாது நெவ். கால் ஒடிஞ்சிருக்கு. உன் ஃபோன்ல கூப்பிடு."

"கொண்டு வரல." அவன் ஃபோனில் கூப்பிடுவது அவளை மட்டுந்தான். அவளே பக்கத்தில் இருக்கும்போது அதை எதற்குக் கொண்டுவருவான்?

"சரி. எவர்ட்டன் வீட்டுக்குப் போ. ஏணி எடுத்துட்டு வரச் சொல்லு."

அவன் மூச்சு மட்டும் கேட்டது, வேகமாக, நாய் இளைப்பதுபோல. அந்த மூச்சை அவள் அறிவாள். பாலத்து மூச்சு.

"என்னால முடியாது ஹேஸ். இங்கயே கத்தறேன். யாராவது வருவாங்க."

கத்தினான். மழையில் ஒருவரும் வரவில்லை. தொட்டிக்குள் இருட்டிக்கொண்டு வந்தது, தண்ணீர் எலும்புக்குள் இறங்கியது. சுவர் வழவழவென்று பாசி. கையை விரித்தால் இரண்டு பக்கமும் முட்டியது. அவன் கத்துவதை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தான்.

"உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிப் போவேன்?"

"நெவில்." அவள் அவன் முழுப்பெயரைச் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. "நீ எனக்காகப் பயப்படல, உனக்காகப் பயப்படற. பரவால்ல, பயந்துக்கிட்டே போ. பஸ்ஸுல ரோட்ட மட்டும் பாத்து ஓட்டுவேன்னு சொல்லுவியே, அந்த மாதிரி கேட்ட மட்டும் பாத்து நட. போகலேன்னா நான் இந்தத் தண்ணியிலயே வெறச்சுச் செத்துப்போவேன். போ!"

உள்ளே வந்ததும் பூட்டிய கேட்டின் சாவியை மேலே எறிந்தாள். இரண்டு தரம் சுவரில் பட்டுத் திரும்பி விழுந்தது. இரண்டு தரமும் சேற்றில் துழாவி எடுத்தாள். மூன்றாம் தரம் மேலே போயிற்று. ஈரப் புல்லில் அவன் பூட்ஸ் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அப்போது அவளுக்கு நேர்ந்ததை அவள் யாரிடமும் எளிதில் சொல்லவில்லை. கால் நெருப்பாக எரிந்தது, பல் கிட்டியது, சுவர் நெருக்கியது. ஆனால் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மேலே முள்கொடிகளுக்கு நடுவே ஒரு துண்டு வானம் சாம்பலாக இருந்தது. மழைத்துளி முகத்தில் விழுந்தது. அவள் செங்கலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். அவன் கொஞ்சம் மெதுவாகவே வரட்டும் என்று நினைத்தாள். நினைத்ததும் அவளுக்கே பயமாக இருந்தது. ஒரு மனுஷிக்கு நிம்மதி கிடைக்கிற இடம் இதுவா?

எவர்ட்டன் ஏணியோடும் டார்ச்சோடும் வந்தார், பின்னால் நெவில், சட்டையெல்லாம் வாந்தி. கேட்டுக்கு வெளியே இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டானாம். ஆனாலும் போயிருக்கிறான்.

"உன் புருஷன் என் கதவைத் தட்டல, உடைக்கப் பாத்தான்" என்றார் எவர்ட்டன், அவளைத் தோளில் தாங்கி ஏற்றியபடி. "பேச்சே வரல அவனுக்கு. தரையக் காட்டறான், ஏணி மாதிரி கைய வச்சுக் காட்டறான். நான் ஏதோ குடிச்சுட்டு ஆடறான்னு நெனச்சேன்."

கணுக்காலில் இரண்டு எலும்பு முறிவு. மாவுக்கட்டு. குளிர்காலம் முழுவதும் ஹேஸல் வீட்டில் சோபாவில், நெவில் எதிரில். அந்த முதல் சில வாரம் எதிரிக்கும் வரக் கூடாது என்பாள்.

ஒரு ஞாயிறு எவர்ட்டன் வந்து கதவைத் தட்டினார். "நெவில், கெளம்பு. அந்தக் குழிய மூடணும், யாராவது குழந்தை விழுந்துடும். நான் ஒருத்தனா மூட முடியாது." நெவில் ஹேஸலைப் பார்த்தான். அவள் டிவியைப் பார்த்தாள். அவன் போனான். மறுவாரமும் எவர்ட்டன் கூட்டிப்போனார். ஜனவரிக் குளிரில் புதர் முழுதையும் வெட்டி எரித்தார்கள். மார்ச்சில் நெவில் தனியாகவே போய்வரத் தொடங்கினான், வழியில் இரண்டு முறை ஃபோன் செய்துகொண்டு. கமிட்டி வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போயிற்று.

கட்டு பிரித்த பிறகும் கால் தேற நாளாயிற்று. ஏப்ரலில் தடியூன்றி ஹேஸல் போய்ப் பார்த்தாள். முள் ஒன்றுகூட இல்லை. அவள் ஒளிந்துகொள்ள நுழைந்த அந்தக் கடைக்கோடி மூலைவரை உருளைக்கிழங்கு, வெங்காயம், அவரைக்குக் கொம்பு.

"எப்படி?" என்றான் நெவில். முகத்தில் பழைய பஸ்காரன் கொஞ்சம் தெரிந்தான். "எல்லாம் உனக்காகத்தான் ஹேஸ். இனிமே ரெண்டு பேரும் தினம் சேந்து வரலாம்."

நன்றாக இருக்கிறது என்றாள். உண்மையிலேயே நன்றாக இருந்தது. திரும்பும் வழியில் பெரில் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"எனக்கு இன்னொரு நிலம் வேணும். வரிசைல எழுதிக்க."

"ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான் கண்ணு, சட்டம். அப்புறம், பதினேழு உன் பேர்லதானே இருக்கு?"

"என் பேர்லயா?"

"வேற யார் பேர்ல? நீதானே கையெழுத்துப் போட்ட?"

அன்று மாலை ஹேஸல் நெவிலை உட்காரவைத்துச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"அந்தக் குழிக்குள்ள, நீ போன பிறகு, எனக்கு நிம்மதியா இருந்துச்சு நெவ். கால் ஒடிஞ்சு, குளிர்ல நடுங்கிக்கிட்டு, நிம்மதியா இருந்தேன். அது உனக்குப் புரியணும்."

"நான் அவ்வளவு மோசமா?"

"நீ மோசம் இல்ல. எந்நேரமும் இருக்க. வாரத்துல மத்த நாளெல்லாம் தோட்டம் உன்னுது. ஞாயித்துக்கிழமை என்னுது. அன்னிக்கு நீ வரக் கூடாது, ஃபோனும் பண்ணக் கூடாது."

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"எவர்ட்டன் வீட்டுக்கு உனக்கு வழி தெரியும்."

அடுத்த ஞாயிறு அவள் மட்டும் வந்தாள். கடைக்கோடியில், மூடிய தொட்டிக்குப் பக்கத்தில், அவன் போட்ட வெங்காயத்தைத் தள்ளிவைத்து ஒரு பாத்தி வெட்டத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் முதுகில் ஏதோ உறுத்தியது. நிமிர்ந்து பார்த்தாள். கேட்டுக்கு வெளியே நெவில் நின்றிருந்தான், கம்பியைப் பிடித்தபடி. அவன் கூப்பிடவில்லை. உள்ளேயும் வரவில்லை. அவ்வளவு தூரத்திலும் அவன் மூச்சு வாங்குவது தெரிந்தது.

அவள் கையசைக்கவில்லை. குனிந்து மண்ணைப் புரட்டினாள். ஒரு வரிசை முடியும்வரை தலை தூக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு புரட்டினாள். மறுபடி பார்த்தபோது கேட்டில் யாரும் இல்லை. வீடுபோய்ச் சேர்ந்தானா, வழியில் எங்காவது உட்கார்ந்துவிட்டானா என்ற எண்ணம் மண்ணோடு மண்ணாகப் புரண்டுகொண்டே இருந்தது. போய்ப் பார்க்கவில்லை. அடுத்த வரிசையைத் தொடங்கினாள்.