ஜெயஸ்ரீயின் ரிமோட்

“இல்லாத பொண்ணு எப்படிம்மா பட்டனை அமுக்கும்?”

“அதான் சார் எனக்கும் புரியலை.”

“புரியலைன்னா எப்படி? வகுப்பு உங்க வகுப்பு. பொண்ணு பள்ளிக்கூடத்துக்கே வர்றதில்லை. ஆனா கணக்குல அவதான் முதல். தமிழ்ல அவதான் முதல். நேத்து நடத்துன தண்ணீர் பாடத்துலயும் அவதான் முதல். என்ன டீச்சர், ஆவியா வந்து படிச்சிட்டுப் போகுதா?”

சொல்லிவிட்டு அய்யாத்துரை தானே சிரித்தார். சிரித்துக்கொண்டே ரேகாவின் முகத்தை ஒரு மூலை விடாமல் பார்த்தார்.

பள்ளி விட்டுப் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் அவர்கள் இருவர் மட்டும். வெளியே துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் நகராமல் நின்று, ஒன்றையொன்று திட்டுவது போல ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன.

அய்யாத்துரை, இந்த மாநகராட்சித் தொடக்கப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு கொடுத்த அறக்கட்டளையின் மேற்பார்வையாளர். ரேகாவை வேலைக்கு வைத்துச் சம்பளம் கொடுப்பதும் அந்த அறக்கட்டளைதான். போர்டோடு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ரிமோட்டும் வந்திருந்தது. உள்ளங்கையில் அடங்கும், நாலே பட்டன். போர்டில் கேள்வி வரும், கீழே நாலு விடை வரும், பிள்ளைகள் அமுக்குவார்கள். சரியென்றால் அவரவர் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஏறும். தப்பென்றால் எண் சிவந்துபோகும். ஏறுவதும் சிவப்பதும் அந்த நிமிடமே அய்யாத்துரையின் செல்போனிலும் தெரியும்.

பதினேழாம் எண் ஜெயஸ்ரீயுடையது. மஞ்சள் காமாலை என்று படுத்தவள் தீபாவளிக்குப் பிறகு வகுப்புப் பக்கமே வரவில்லை. அவள் உட்காரும் இடம் காலி. அவள் எண்ணுக்குப் பக்கத்திலோ நட்சத்திரங்கள் குவிந்து கிடந்தன.

“வருகைப் பதிவுல ஆப்சென்ட்தானே சார் போட்டிருக்கேன்? ஏமாத்தணும்னா அங்கேயும் ஏமாத்தியிருக்க மாட்டேனா?”

“விவரமா ஏமாத்துறவங்க ஒரு இடத்துலயாவது உண்மையை எழுதிவைப்பாங்க டீச்சர்.”

எந்தப் பக்கம் போனாலும் கதவு சாத்துகிற ஆளிடம் என்ன பேசுவது?

அய்யாத்துரை எழுந்து பையைத் தோளில் மாட்டினார். “உங்க ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியோட முடியுது. என் அறிக்கை சரியில்லைன்னா மறுபடி போட மாட்டாங்க. போர்டையும் கழட்டி வேற பள்ளிக்குக் கொண்டுபோயிருவோம். நாளைக்குக் காலையில நீங்க பாடம் எடுக்கிறப்போ நான் போனைப் பாத்துக்கிட்டே இருப்பேன். பதினேழு மறுபடி அமுங்குச்சுன்னா, அமுக்குனது யாருன்னு எனக்குப் பேர் வேணும். பேர் வரலைன்னா நீங்கதான்னு எழுதிருவேன்.”

அவர் போன பிறகும் ரேகா வெகுநேரம் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்து தன்னையே பார்ப்பதாக ஒரு கணம் தோன்றியது. சட்டென எழுந்து விளக்கைப் போட்டாள்.

சந்தேகம் ஒரு முறை வீட்டுக்குள் வந்துவிட்டால் எல்லாப் பாத்திரத்தையும் திறந்து பார்க்கும். பள்ளி விட்டதும் ரிமோட் பெட்டி தலைமையாசிரியர் அறை பீரோவுக்குப் போய்விடும். சாவி ஜெகதீசன் சாரின் இடுப்பில். யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால் முந்தின நாளே சட்டையை இஸ்திரிக்குக் கொடுக்கிற மனிதர் அவர். அவளிடம் ஒரு நாள், “நம்பர் நல்லா வரணும்மா, நம்பர் நல்லா வந்தா இன்னும் ரெண்டு வகுப்புக்குப் போர்டு கெடைக்கும்” என்று காதோடு சொல்லியிருக்கிறார். அப்போது அது ஆசையாகக் கேட்டது. இப்போது வேறு மாதிரி கேட்டது.

பெட்டியைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தபோது, “என்ன சொல்றாரு அய்யாத்துரை?” என்று கேட்டார்.

“ஜெயஸ்ரீ நம்பர்ல ஸ்டார் ஏறுதாம் சார்.”

“ஏறட்டுமே. எறங்குனாத்தானே கவலை?”

பீரோவைப் பூட்டிச் சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். அவள் அந்தச் சாவியையே பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

போர்டைப் பழுது பார்க்கிற ஜஹாங்கீரின் கடை கல்மண்டபத்தில், மீன் வண்டிகளின் ஐஸ் தண்ணீர் ஓடி எப்போதும் ஈரமாகவே கிடக்கும் சந்தில் இருந்தது. வீட்டுக்கு, வியாசர்பாடிக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு ரேகா அங்கே போனாள்.

“இன்னா டீச்சர், போர்டு பேஜாரு பண்ணுதா?”

“இல்லண்ணே. ஒரு ரிமோட் தானா அமுங்குமா?”

“தானாவா? எங்க வூட்டு டிவி ரிமோட்டு ரெண்டு தட்டு தட்டுனாத்தான் வேலையே செய்யுது. தானா அமுங்குற ரிமோட்டு இருந்தா சொல்லு, நான் ஒண்ணு வாங்கிக்கிறேன்.”

“ரூமுக்கு வெளியே நின்னு அமுக்க முடியுமா?”

“செவுரு தாண்டாது. ரூமுக்குள்ள கீறவங்கதான் அமுக்கணும்.” கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டுக் குரலைத் தணித்தான். “இன்னா மேட்டரு? நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்.”

அந்தக் கரிசனத்தைக்கூட அவளால் நம்ப முடியவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தாள். அறைக்குள் இருப்பவர்கள் என்றால் ஜெகதீசன் சார் இல்லை. பிள்ளைகளும் அவளும்தான். அல்லது ஜெயஸ்ரீயே வந்துபோகிறாளா? அவள் படுத்திருக்கிறாள் என்பதே பிள்ளைகள் சொல்லித்தானே தெரியும்?

கடலோரக் குடியிருப்பில் கீழ்த்தளத்திலேயே ஜெயஸ்ரீயின் வீடு. அவளுடைய அம்மா குணசுந்தரி மீன் விற்றுவிட்டு வந்து வாசலில் அலுமினியக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் கூடையைக் கவிழ்த்துவிட்டு வாசலை மறித்து நின்றாள்.

“பேர வெட்டப் போறியா டீச்சர்?”

“அய்யோ, இல்லக்கா. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு.”

“சும்மா பாக்க யாரு வர்றாங்க இந்தக் காலத்துல? டாக்டரு இன்னும் அனுப்பாதன்னு சொல்ட்டாரு. நான் இன்னா பண்ணட்டும்?”

“யாரும்மா அது, மிஸ்ஸா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

குணசுந்தரி மனசில்லாமல் விலகினாள். பாயில் படுத்திருந்த ஜெயஸ்ரீ முழங்கையை ஊன்றி எழுந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது, கண்ணில் இன்னும் மஞ்சள். பக்கத்தில் இளநீர் ஓடு. இந்தப் பிள்ளை எங்கேயும் வந்துபோகவில்லை. அது பார்த்தாலே தெரிந்தது. ரேகா தலையைத் தடவிக் கொடுத்தாள். சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் தீர்வதற்குள் ஜெயஸ்ரீ கேட்டாள்:

“மிஸ், இன்னிக்கி எனக்கு எத்தினி ஸ்டாரு வந்துச்சு? சௌமியா இன்னும் வந்து சொல்லல.”

ரேகாவின் கை நின்றுவிட்டது.

“உனக்கு எப்படிம்மா ஸ்டார் வரும்? நீ இங்க இருக்க.”

ஜெயஸ்ரீ அம்மாவைப் பார்த்தாள். டீச்சர் ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

“பங்கு மிஸ்” என்றாள்.

“இன்னும் வெளயாட்டு போவல இதுங்களுக்கு” என்று குணசுந்தரி முதல் தடவையாகச் சிரித்தாள். “எங்காளு கால்ல அடிபட்டு வூட்ல கெடந்தாரில்ல, போன வருசம்? அத்தினி நாளும் போட்ல போனவங்க அவரு பங்க எடுத்து வச்சி வூட்டாண்ட குடுத்துட்டுதான் போவாங்க. இவதான் வாசல்ல நின்னு வாங்குவா. அதப் பாத்துதான் இப்ப இதுங்க ஸ்கூல்ல ஏதோ பங்கு வைக்குதுங்களாம்.” சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “ஏன் டீச்சர், அது தப்பா? அதுக்குத்தான் வந்தியா?”

ரேகா எழுந்துகொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு முதல் நாள் ஞாபகம் வந்தது. புது போர்டைப் பார்த்துப் பிள்ளைகள் மிரண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சிரிக்கவைக்க நினைத்து அவள்தான் சொன்னாள்: “இந்த நட்சத்திரம் எல்லாம் மீன் மாதிரி. நம்ம வகுப்புதான் போட்டு. யார் யாரு எவ்வளவு புடிச்சிட்டு வர்றீங்கன்னு பார்ப்போம்.” அவள் ரயில்வே கலாசித் தொழிலாளியின் மகள். படகில் ஏறியவளில்லை. ஏதோ அழகாக இருக்கும் என்று சொல்லி, அன்றைக்கே மறந்தும் போனாள். பிள்ளைகள் மறக்கவில்லை.

ஆனால் அமுக்குவது யார்? எல்லாவற்றிலும் சரியாக அமுக்க அந்த வகுப்பில் யாருக்குத் தெரியும்? வகுப்பிலேயே கெட்டிக்காரியான சௌமியாவுக்கே பாதிதான் தெரியும். இதிலும் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது. பெரியவர்கள் யாரோ விடை சொல்லிக்கொடுக்கிறார்கள். இல்லையென்றால் அய்யாத்துரையிடம் எப்படிச் சொல்வது? “பங்கு சார்” என்றால் அவர் நம்புவாரா? அவளே முழுசாக நம்பவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல வெளிச்சத்தில் போர்டு மங்காமல் இருக்க ஜன்னல்களைச் சாத்தினாள். வழக்கம்போலப் பிள்ளைகள் பெட்டியைச் சூழ்ந்து அவரவர் ரிமோட்டை எடுத்தார்கள். ஆனால் வழக்கம்போலப் போர்டுக்குப் பக்கத்தில் அவள் நிற்கவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பின்சுவர் ஓரமாகப் போய் நின்றாள். இத்தனை நாளும் போர்டைப் பார்த்தே பாடம் நடத்தியிருக்கிறாள். பிள்ளைகளின் கைகளை அங்கிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கேள்வி வந்தது. எண்கள் ஒவ்வொன்றாக மின்னின. பதினேழும் மின்னியது. பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஏறியது.

மூன்றாவது வரிசையில் தீபன் உட்கார்ந்திருந்தான். வலது கையில் ஒரு ரிமோட். இடது கையில் ஒரு ரிமோட். மறைக்கவில்லை, குனியவில்லை. இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தான்.

“தீபன். கையில என்னடா ரெண்டு?”

“இது என்னுது மிஸ். இது ஜெயஸ்ரீது.”

“அவளோடது உன்கிட்ட ஏன் இருக்கு?”

“இன்னிக்கி என் மொற மிஸ்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. “மிஸ்ஸுக்குத் தெரியாதாம்டோய்!” என்று யாரோ கத்தினார்கள்.

சௌமியா எழுந்து, அறியாப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள்: “ஒடம்பு முடியாம வூட்ல கீறவங்களுக்கும் பங்கு உண்டு மிஸ். நீதானே சொன்ன, ஸ்டாரு எல்லாம் மீனுன்னு? ஒரு நாளிக்கி ஒருத்தரு. நேத்து நானு. அதுக்கு மின்னாடி ஃபவாஸு.”

“எங்க வாப்பா கடலுக்கே போனதில்ல மிஸ், லாரிதான்” என்றான் ஃபவாஸ். “ஆனா நானும் குடுத்தேன்.”

“சரி, எல்லாத்துக்கும் எப்படி சரியா அமுக்குறீங்க? யாரு சொல்லித் தர்றா?”

“யாரும் சொல்லித் தரக்கூடாது மிஸ். சொன்னா ஆட்டத்துல சேத்தி இல்ல” என்றாள் சௌமியா. “தப்பா அமுக்குனா அவ பங்கு கெட்டுப்பூடும். அத்தொட்டு மொற வந்தா மின்னா நாளே வூட்ல படிச்சிகினு வருவோம்.”

ரேகா தீபனைப் பார்த்தாள். தன் எண் சிவந்தால் சிவந்ததே என்று இளிக்கிறவன். என்றாவது ஒரு நாள் திடீரென்று அவன் எண்ணுக்கு எல்லாமே சரியாக வரும். பக்கத்துப் பையனைப் பார்த்து அமுக்கியிருப்பான் என்று அவள் அவனை இடம் மாற்றிக்கூட உட்கார வைத்திருக்கிறாள்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. அய்யாத்துரை. ‘17 அமுங்கியது. பேர்?’

அவள் போனைக் கவிழ்த்துப் பிடித்தாள். தீபனின் பெயரை எழுதினால் அவளுக்கு வேலை தங்கும். போர்டும் ஒருவேளை தங்கும். நாளைக்கு அய்யாத்துரை வந்து இந்தப் பையனை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்பார். பங்கு என்றால் அவர் இன்னும் சந்தேகப்படுவார். இவளே எழுதிக்கொடுத்துப் பேசவைத்திருக்கிறாள் என்பார். பிள்ளைகள் ரிமோட்டைத் தொடவே பயப்படும்.

போர்டு இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அடுத்த கேள்வியைத் தானே போட்டுவிட்டது. மூன்றே கால் மணிக்குச் சின்ன முள் எங்கே நிற்கும்? கீழே நாலு கடிகாரப் படம். அதற்கும் கீழே, நேரத்தைக் காட்டும் நீலக் கோடு குறுக ஆரம்பித்தது.

பிள்ளைகள் போர்டுக்குத் திரும்பினார்கள். எண்கள் மின்னின, சில சிவந்தன. தீபன் மட்டும் அமுக்கவில்லை. உதட்டை முன்னால் தள்ளிக்கொண்டு நாலு கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். சௌமியா வாயைப் பொத்திக்கொண்டாள், சொல்லக்கூடாதே.

நீலக் கோடு பாதிக்குக் கீழே வந்துவிட்டது. தீபன் தன் ரிமோட்டைக் கீழே வைத்தான். எழுந்து, உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கால்களைத் தாண்டிக்கொண்டு பின்சுவரை நோக்கி ஓடிவந்தான். ரேகாவின் கையில் போன் மறுபடி அதிர்ந்தது. அவன் அதற்குப் பக்கத்திலேயே பதினேழாம் ரிமோட்டை நீட்டினான்.

“மிஸ், இது எனக்குத் தெர்ல. எனக்குச் செவப்பு வந்தா பரவால்ல, அவளுக்கு வரக்கூடாது. இந்த ஒரு தபா நீ அமுக்கு மிஸ்.”