எட்டத்துக் கேமரா, கிட்டத்துக் கேமரா

தினமும் காலையில் கம்பெனி வாசலில் என் போனின் கண்ணை மூடிவிடுவார்கள். தேர்வாய் கண்டிகையில் நான் வேலை பார்க்கிற தொழிற்சாலைக்குள் எதையும் படம் எடுக்கக் கூடாது. அதனால் செக்யூரிட்டி ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து போன் லென்ஸின் மேல் அழுத்தி ஒட்டுவார். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் நானே பிய்த்து எறிவேன். ஸ்டிக்கர் போகும், கோந்து போகாது. நாளாக நாளாக அந்தக் கோந்தின் மேல் கோந்து படிந்து, நான் எடுக்கிற படமெல்லாம் தூக்கத்தில் பார்த்த காட்சி மாதிரி ஆகிவிட்டது. தெருவிளக்கு பஞ்சு உருண்டையாக மிதக்கும். கம்பெனி பஸ் ஒரு மஞ்சள் பெருமூச்சு. மனிதர்கள் இருப்பார்கள், முகம் இருக்காது.

கூட வேலை செய்கிற பெண்கள், "இன்னா எஃபெக்ட்டு இது, சூப்பரா கீதே" என்பார்கள். எஃபெக்டாவது மண்ணாவது.

எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. பி.எஸ்சி. இயற்பியல். அந்த டிகிரியை வைத்துக்கொண்டு பகல் முழுக்க ரப்பர் வளையங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, வெடிப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்கிறேன். வளையத்தின் வெடிப்பு எனக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. பெற்றவளின் முகம் மட்டும் என் போனில் கோந்துக்குள் கிடக்கிறது. ஒரு கேமரா வாங்கியே தீர்வது என்று போனஸ் வந்த அன்றைக்கே முடிவு செய்தேன்.

கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் ஹெலன் அக்காவின் ஸ்டூடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் போட்டோவும் கல்யாண ஆல்பமும் அவள் தொழில். பழைய கேமராக்களை வாங்கி விற்பதும் வாடகைக்கு விடுவதும் உண்டு. மேஜை மேல் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தாள். ஒன்று தட்டையாக, சோப்பு டப்பா மாதிரி, முன்னால் குட்டையாக ஒரு லென்ஸ். இன்னொன்று பருத்து, மூக்கு நீண்டு, ஏதோ ஒரு விலங்கின் குட்டி மாதிரி.

"இது மிரர்லெஸ்சு" என்று சின்னதைத் தட்டினாள். "உள்ள கீற சென்சாரு பெரிசு. இருட்டா இருந்தாலும் மூஞ்சி பளிச்சினு வரும். ஆனா இந்த லென்சுக்கு கிட்ட போய்த்தான் எடுக்கணும். தூரமா எடுக்கணும்னா வேற லென்சு வாங்கணும். அது கேமராவ வுட அதிகமா வெல சொல்லும்."

"அது?"

"அதான் பிரிட்ஜ் கேமரா. சூப்பர் ஜூம்மு. நின்ன எடத்துல நின்னுக்கினே நிலாவுல கீற குழிய எடுக்கலாம். லென்ச கழட்ட முடியாது, கழட்டவும் வோணாம். ஆனா சென்சாரு நகம் சைசுதான். வெளிச்சம் கொறஞ்சா படத்து மேல மண்ணு தூவுன மாதிரி வரும்."

"ரெண்டும் வெல ஒன்னா?"

"ஏறக்கொறைய. உனுக்கு இன்னா எடுக்கணும், அத சொல்லு மொதல்ல."

"மூஞ்சி."

"யாரு மூஞ்சிடி? எம்மாந்தூரத்துல கீது?"

நான் இரண்டு கேமராவையும் மாறி மாறிப் பார்த்தேன். ஹெலன் அக்கா சிரித்துக்கொண்டே இரண்டையும் ஒரே பையில் போட்டாள். "சனி, ஞாயிறு வாடகைக்கி எடுத்துக்கினு போ. திங்கக்கெழம வந்து சொல்லு. ஏரில கீரில போட்டுடாதம்மா, என் தாலி அறுந்துடும்."

வீட்டுக்குக் கொண்டுபோனதும் அம்மா பெரியதைப் பிடுங்கிக்கொண்டாள். அம்மாவின் பெயர் தேசம்மா. பக்கத்து சிப்காட்டில் இன்னொரு கம்பெனியில் பாத்ரூம் கழுவுகிறாள். அவளுக்கு அங்கே 'ஹவுஸ்கீப்பிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எப்படிப் பிடிப்பது, எதைத் திருகினால் லென்ஸ் நீளும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒரு கண்ணை மூடினாள். அவ்வளவுதான், சாயங்காலம் முழுக்க அவள் வீட்டில் இல்லை.

"எழிலு, கம்பெனி பொகக் கொயா மேல ஏணி கீதுடி! ஒருத்தன் ஏறிக்கினு போறான்! ஐயோ, கொஞ்சம் பாத்து ஏறேண்டா..."

பிறகு ஏரி. தண்ணீருக்கு மேல் சூடு அலைந்து, அக்கரை மொத்தமும் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல நெளிந்தது. நெளிகிற பனைமரங்கள், நெளிகிற மாடுகள். அவற்றுக்குப் பின்னால் நெளிகிற பெருமாள் கோயில் கோபுரம். அதில் இருக்கிற பொம்மைகளை அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். "இந்தப் பொம்மைக்கு வெத்தல போட்ட வாய்டி. இது எவளையோ மொறைக்குது, உன்ன மாதிரியே." குரல் கம்மிக் கம்மி, கனவில் பேசுகிறவள் போல ஆகிவிட்டது. நாற்பத்தேழு வயது வரைக்கும் அந்தக் கோபுரம் அவளுக்கு ஒரு வெள்ளைக் கூம்பு. இன்றுதான் அதில் ஆட்கள் குடியிருப்பது தெரிந்தது.

திடீரென்று கேமராவை இறக்கினாள்.

"நாளைக்கி விடிகாலைல கருட சேவ! இத வெச்சிக்கினு பாத்தா சாமி மூஞ்சி தெரியும் இல்ல?"

எங்கள் ஊரில் கருட சேவைக்குப் பெருமாள் நான்கு தெருவும் சுற்றுவார். காலனிக்கு வரமாட்டார். தண்ணீர்த் தொட்டி முனையோடு திரும்பிவிடுவார். நாங்கள் ஏரிக்கரையின் இந்தப் பக்கம் அகல்விளக்கோடு நிற்போம். திரும்புவதற்கு முன் அர்ச்சகர் ஆரத்தித் தட்டை உயர்த்தி எங்கள் திசையில் ஒரு தடவை காட்டுவார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவ்வளவு தூரத்தில் தெரிவது ஒரு பொறி. காலனிக்கு வராதே என்று யாரும் பெருமாளிடம் சொன்னதில்லை, ஊருக்குள் வராதே என்று எங்களிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் எப்போதோ சண்டை போட்டிருப்பேன். சொல்லாத ஒன்றோடு எப்படிச் சண்டை போடுவது?

"ஏம்மா, கிட்ட போய்ப் பாத்தா இன்னாவாம்?"

"வழக்கம் இல்ல."

"யாரு வழக்கம்?"

"சும்மா பேஜாரு பண்ணாத. நமக்குன்னு தனியா ஆரத்தி காட்றாங்க. அந்த நாலு தெருவுக்கும் அது உண்டா?"

"நாலு தெருவுக்கும் சாமியே போவுது, ம்மா."

அம்மா கேமராவைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். எனக்கு அவள் மேல் கோபம், அந்த நீண்ட மூக்கின் மேல் அதைவிடக் கோபம். எட்ட நிற்பதைச் சௌகரியமாக்கித் தருகிற சாமான். நாளைக்கு இதில் சாமி முகம் தெரிந்துவிட்டால், கிட்டப் போகவேண்டிய அவசியமே இல்லை என்று இவள் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள். எட்ட நின்று பார்ப்பதற்கென்றே காசு கொடுத்து ஒன்றை வாங்க வேண்டுமா? அதற்காகவா படித்தேன்?

விடிகாலையில் கதவைத் திறந்தால் உலகம் இல்லை. தை மாதப் பனியும் சிப்காட் புகையும் கலந்து பால் மாதிரி நின்றது. எதிர்வீடு இல்லை, ஏரி இல்லை. கரையில் காலனிப் பெண்கள் விளக்கோடு நிற்பது அருகே போனபிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு மஞ்சள் வட்டம், அதற்குள் ஒரு மோவாய், ஒரு கை. எங்கிருந்தோ நாகஸ்வரம் கேட்டது. எந்தத் திசை என்று சொல்ல முடியவில்லை, பனியே ஊதுவது போல இருந்தது.

அம்மா கேமராவைக் கண்ணில் வைத்துத் திருகு திருகென்று திருகினாள். "ஒன்னுமே தெரிலடி. வெள்ளையா கீது."

வாங்கிப் பார்த்தேன். ஜூம் தூரத்தை மட்டும் இழுக்கவில்லை, நடுவில் இருந்த பனி முழுவதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து கண்ணில் கொட்டியது. இழுக்க இழுக்க வெள்ளை அதிகமாயிற்று.

கேமராவை அம்மாவின் கழுத்திலேயே திரும்ப மாட்டினேன். சின்னதை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"ஏய், எங்கடி போற? எழிலு! ஏய், திரும்புடி!"

மதகைத் தாண்டுவதற்குள் அந்தக் குரலும் பனிக்குள் கரைந்துவிட்டது. காலடியில் இருந்த மண் மட்டும் நிஜம். நடப்பது நான்தானா, யாராவது காண்கிற கனவில் நடக்கிறேனா என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. ஏதோ ஒரு மாடு என் பக்கத்தில் பெருமூச்சு விட்டது. பிறகு வெளிச்சம் வந்தது. ஆட்கள் தூக்கிவந்த டியூப்லைட்டுகள் பனிக்குள் வெள்ளைத் தந்தங்கள் போல மிதந்தன. அவற்றுக்கு நடுவில், ஆளே இல்லாமல், ஒரு தங்கச் சிறகு. அப்புறம் இன்னொரு சிறகு. கருடன் தரையில் கால் படாமல் என்னை நோக்கி வந்தது.

திருவிழாவை நடத்துகிற வேங்கடேசன் விசிலோடு முன்னால் வந்தார். பெரிய தெருக்காரர். என் கழுத்தில் கேமராவைப் பார்த்ததும் கையை வீசினார். "ஏய், வழி வுடுங்கப்பா! போட்டோ எடுக்கிற பொண்ணு வருது, வழி வுடு!"

கூட்டம் பிளந்தது. கேமராவுக்குத்தான் வழி, எனக்கு இல்லை. தெரிந்தேதான் நடந்தேன். வாகனம் தூக்குகிறவர்களின் வியர்வை வாசனை அடிக்கிற தூரத்தில் போய் நின்றேன். கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

"திருவள்ளூர் ஸ்டூடியோவாம்மா? யாரு ஏற்பாடு பண்ணது?" பின்னாலிருந்து வேங்கடேசன் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினாலே போதும். எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம்.

"இல்லைங்க. இந்த ஊருதான்."

"இந்த ஊரா? எந்தத் தெரு?"

பனிக்குள் கையை நீட்டினேன். அவர் அந்தத் திசையில் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"ஏரிக்கு அந்தாண்ட. தேசம்மா பொண்ணு."

வழிவிடச் சொல்லி நீட்டியிருந்த அவர் கை மெதுவாகக் கீழே இறங்கியது. நாகஸ்வரம் ஓயவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் என் முகத்தை இப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"எடுத்தாச்சி இல்ல? நவுரு."

"இன்னும் எடுக்கல."

"அப்டிப் பின்னால போய் எடுத்துக்க."

"இதுல பின்னால போனா முதுகுதாங்க வரும்."

அது உண்மை. இரண்டடி நகர்ந்தால் எனக்கு எதுவும் கிடைக்காது. நான் நகரவில்லை. வேங்கடேசன் வாயைத் திறப்பதற்குள் வாகனத்தின் மேலிருந்து அர்ச்சகர், "செத்த சும்மா இருங்கோ, ஆரத்தி எடுக்கணும்" என்றார். கற்பூரம் பற்றிக்கொண்டது. தட்டை உயர்த்தி, வழக்கம்போல எங்கள் பக்கம் திருப்பினார்.

நானும் திரும்பிப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து அந்தப் பக்கம் நின்று இந்தப் பொறியைப் பார்த்தவள், முதல்முறையாக இங்கே நின்று எங்களைப் பார்க்கிறேன். வெள்ளை. கரை இல்லை, விளக்கு இல்லை, மனிதர்கள் இல்லை. அர்ச்சகர் நெருப்பை வெறும் பால்வெள்ளையின் மேல் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். பனி இல்லாத வருஷங்களில் மட்டும் என்ன தெரிந்திருக்கும்? புள்ளிகள். புள்ளிகளுக்கு எவன் தெருவைத் திறப்பான்?

அந்த வெள்ளைக்குள் ஏதோ அசைந்தது. கருப்பாக ஒரு மூக்கு முதலில் வந்தது. பிறகு அதைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அம்மா. வலது கையில் செருப்பு. புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது, மதகில் தடுக்கி விழுந்திருப்பாள். மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைத் திட்டத்தான் வந்திருப்பாள். திட்டவில்லை. தலையைத் தூக்கினாள்.

"தேசம்மா! நீ இன்னா இங்க?" என்றார் வேங்கடேசன்.

"இரு நைனா, சாமிய பாத்துக்கறேன்" என்றாள் அம்மா, கண்ணை எடுக்காமல். அடுப்பில் பால் பொங்கும்போது கூப்பிட்ட பிள்ளைக்குப் பதில் சொல்கிற மாதிரி.

கற்பூர வெளிச்சம் அவள் மேல் ஏறி இறங்கியது. நெற்றியில் இருந்த பழைய தழும்பு, மூக்கின் பக்கத்துக் குழி, பாதி திறந்த வாய், பாக்குக் கறை படிந்த பல், இமையில் பனி. நான் கேமராவைச் சாமியிடமிருந்து திருப்பி அழுத்தினேன். இன்னொரு தடவை அழுத்தினேன். கற்பூரம் அணைந்தது. விசில் ஊதினார்கள். கருடன் திரும்பி, சிறகு சிறகாகப் பனிக்குள் போய்விட்டது.

வேங்கடேசன் போகும்போது, "இதெல்லாம் நல்லா இல்ல, சொல்லிட்டேன்" என்றார். அம்மாவிடமா என்னிடமா தெரியவில்லை. பஞ்சாயத்தில் பேச்சு எழும். எழட்டும்.

கரைக்குத் திரும்பியதும் பெண்கள் அம்மாவை வளைத்துக்கொண்டார்கள். "கிட்ட பாத்தியா? எப்டிடி இருந்திச்சி?"

அம்மா, "மூஞ்சி இத்தினிக்கூண்டுதான்டி" என்று உள்ளங்கையைக் காட்டினாள். "நம்ம ஊட்டுப் பாப்பா மூஞ்சி மாதிரி. நான் இம்மாம் பெரிசா இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்." சொல்லும்போது ஏமாற்றமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எழிலு, போட்டோ காட்டுடி!"

கேமராவின் பின்பக்கத்தை நீட்டினேன். ஐந்தாறு தலைகள் குனிந்தன. சாமி இல்லை. அம்மா இருந்தாள், ஒவ்வொரு மயிரும் தெரிய. ஒருத்தி, "இது நம்ம தேசம்மாவா?" என்றாள்.

அம்மா என் கையிலிருந்து கேமராவை வாங்கி வெகுநேரம் வைத்துக்கொண்டாள்.

"இன்னாடி இது, சாமிய வுட்டுட்டு என்ன எடுத்து வெச்சிகீற? இதுக்கா அம்மாந்தூரம் போன?"

"ஆமா."

அவள் அதைத் திருப்பித் தரவில்லை. பெரியதைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் திணித்தாள்.

"திங்கக்கெழம இத மட்டும் குடுத்துட்டு வா. கழுத்து வலிக்குது."