மிச்சத் துண்டுகள்

சோதனைக்கூடத்தில் அவளுக்கு இழுவையக்கா என்று பேர். கம்பிகளை இயந்திரத்தில் மாட்டி அறும்வரை இழுப்பது அவள் வேலை என்பதால் பாதி, எந்த அறிக்கையையும் சட்டென்று முடித்துத் தரமாட்டாள் என்பதால் மீதி. இருபத்திரண்டு வருடம் இழுத்ததில் வலது தோள் ஒரு வழியாகிவிட்டது.

இந்த அறிக்கையை மட்டும் சட்டென்று முடித்துவிட்டாள். நாளை முதல் விடுமுறை. வெளியூரில் மகளுக்கு இன்றோ நாளையோ பிரசவம். லிஃப்ட் கம்பிக்கான அறிக்கை மேலாளர் மேசைக்குப் போய்விட்டது. நாலு மணிக்குக் கையெழுத்து.

மூன்று மணிக்குப் பையைக் கட்டிவிட்டு, சும்மா இருக்க முடியாமல், ஒவ்வொரு கம்பித் துண்டும் எவ்வளவு பாரத்தில் அறுந்தது என்று புள்ளி வைத்த வரைபடத்தைப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம்.

லிஃப்டில் தொங்கப்போகிற கம்பி நூறு மீட்டர். அதை முழுசாக இழுக்க அங்கே இயந்திரம் இல்லை. ஒரு மீட்டர் துண்டுகள் நாற்பதை அறுத்துப் பார்த்து, நூறு மீட்டருக்குக் கணக்குப் போடுவார்கள். ஒரு மீட்டரில் மோசமான இடம் இருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்றால், நூறு மீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. நீளம் கூடினால் பழுதுக்கும் இடம் கூடும், அவ்வளவுதான் சங்கதி. "உங்க அண்ணன் தம்பி ஏழு பேர்ல ஒருத்தர் தறுதலையா இருக்கறது கணக்குப்படி சரிதான்" என்று புருஷனிடம் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

வரைபடத்தின் கீழ்ப்பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. படுமோசமானது இல்லாவிட்டாலும், நாற்பதில் கொஞ்சம் நோஞ்சானாக ஒன்றுகூடவா இல்லாமல் போகும்? பிறகுதான் உறைத்தது. புதிய சுருளைப் பிரிக்கத் தோள் இடங்கொடுக்காமல், போன வாரம் அறுத்த ஐந்து மீட்டர் கம்பிகள் பத்தின் மிச்சத்திலிருந்தே துண்டுகளை வெட்டியிருந்தாள். அவற்றின் மோசமான இடம் ஏற்கெனவே அறுந்து குப்பைக்குப் போயாயிற்று. மிஞ்சியதெல்லாம் தாங்கிய பகுதிகள். தேறிய பிள்ளைகளை மட்டும் மறுபடி தேர்வுக்கு உட்காரவைத்து, வகுப்பே கெட்டிக்கார வகுப்பு என்று எழுதியிருக்கிறாள்.

அழுகை வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. பேசாமல் போனால் யாருக்கும் தெரியாது.

அவள் அறைக்குள் போனபோது மேலாளர் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். "என்னம்மா, இந்நேரம் கம்பி நீட்டியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நீட்ட முடியல சார். அந்த அறிக்கை தப்பு."

அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பேனாவை மூடினார். "வேற யாராவது செய்யட்டுமே?"

"அந்த மெஷின் வேற யாருக்கும் பழக்கமில்ல சார். நாலு நாள் ஆகும்."

"சரி, கம்பி ஏத்திட்டுப் போற லாரியை நிறுத்திடறேன்" என்றார். அவர் முகத்திலும் அதே அலுப்பு.

வராந்தாவில் நின்று மகளுக்குப் போன் போட்டாள். பள்ளிக்கூட ஆண்டுவிழா, கல்லூரியில் சேர்ந்த நாள், டைஃபாய்டில் கிடந்த வாரம், அம்மா வராமல் போன எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்று சொல்லியே வளர்ந்தவள்.

"நாலு நாள் தள்ளித்தான் வர முடியும்டி."

"வேண்டாம்மா. இங்க அத்தை இருக்காங்க. நீ வேலையைப் பாரு." போன் அணைந்தது.

ஒவ்வொரு முறையும் தாங்கினாளே, இந்த முறையும் தாங்குவாள் என்று போட்டிருந்த கணக்கு. அதுவும் தப்பு. உள்ளே போய், இடது கையால் புதிய சுருளை இழுத்தாள்.