தலையணைத் தகராறு

பஸ் ஓட்டுவதை விட்டுப் பல வருஷம் ஆகியும் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான். மனைவி போன பிறகு ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். வேறு இடம் பார்க்கிற வரைக்கும் என்று சொல்லி, ஒரு பெட்டியோடு மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கே படுக்கையறை இரண்டு. ஒன்று மகனுக்கும் மருமகளுக்கும். இன்னொன்றில் மருமகளின் அப்பா ஏற்கெனவே குடியிருந்தார். ஆக, சம்பந்திகள் இருவரும் ஒரே அறையில் ஆளுக்கொரு கட்டில் போட்டுக்கொண்டார்கள்.

சம்பந்தி அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு திருத்தத் தாள் வருவது நின்றுபோனதால், கண்ணில் பட்டதையெல்லாம் திருத்திக்கொண்டிருந்தார். கடைப் பலகையில் விட்டுப்போன ஒற்று, மருந்து அட்டையில் தப்பாக அச்சான எழுத்து, மாப்பிள்ளை துண்டு காயப்போடும் லட்சணம், எதுவும் தப்பாது. டிரைவர் வந்ததும் அவருக்குக் கை நிறைய வேலை கிடைத்தது.

"சம்பந்தி, செருப்பை இங்க விட்டா கதவு இடிக்கும்."

"எடுத்துடறேங்க."

"ஜன்னலை மூடுங்க, கொசு வருது."

"மூடிடறேங்க."

மாப்பிள்ளையைப் பெற்றவர் என்ற மிடுக்கெல்லாம் கல்யாணத்தோடு சரி. இப்போது வந்து ஒண்டியிருப்பது தான்தான் என்பது டிரைவருக்குத் தெரியும். அதனால் சொன்னதையெல்லாம் செய்தார்.

ஜன்னலை மூடியதுதான் அவருக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நாளாகவே மல்லாந்து படுத்தால் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. வாயு என்று முடிவு கட்டியிருந்தார். தலையை உயர்த்தினால் தேவலை. முதலில் இரண்டு தலையணை வைத்தார். அது போதாமல் சோபாவில் கிடந்த திண்டு ஒன்று அறைக்குள் வந்தது. அப்புறம் இன்னொன்றும் வந்தது.

இதற்கு நடுவே, கூட வேலை பார்த்த பழைய சிநேகிதர் ஒருவர் போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். வயதானவர்கள் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் இதயம் இரும்பு மாதிரி இருக்குமாம். டிரைவர் அதை அப்படியே நம்பினார். ஆனால் இடது பக்கம் திரும்பினாலே நெஞ்சு காதுக்குள் வந்து அடித்தது, பழைய பஸ் நின்ற இடத்தில் நின்று உதறுகிற மாதிரி. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. வலது பக்கம் சுகமாக இருந்தது. அப்படிப் படுத்தால் இதயம் கெட்டுவிடுமே என்று பயந்து மறுபடி இடது பக்கமே திரும்புவார். கடைசியில் இரண்டும் வேண்டாம் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண் அசருவார். காலம் பூராவும் சீட்டில் உட்கார்ந்த உடம்பு, அதற்குப் படுக்கத் தெரியவில்லை என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். செருப்பு பிடிக்க ஆரம்பித்தபோது, மலிவுச் செருப்பு, சுருங்கிவிட்டது என்று செருப்பின் மேல் பழியைப் போட்டார்.

ஒரு நாள் காலைச் சாப்பாட்டில் சம்பந்தி மகளிடம் புகார் வைத்தார்.

"உன் மாமனார் உக்காந்துக்கிட்டே தூங்கறாரும்மா. இன்னும் பஸ் ஓட்டறதா நினைப்பு போல. இருக்கிற தலையணையெல்லாம் அவர் கட்டில்லதான் கிடக்கு."

"தலையணைதானே மாமா, நான் வாங்கிட்டு வரேன்," என்று மருமகள் மாமனார் பக்கம் திரும்பிச் சொன்னாள். அன்று மாலையே வாங்கியும் வந்தாள். அதுவும் குவியலில் சேர்ந்தது.

விஷயம் முற்றியது ஒரு மத்தியானம். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். சம்பந்தி ஹாலில் பேப்பர் படித்துவிட்டு, சற்றே தலைசாய்க்கலாம் என்று அறைக்கு வந்தார். அவர் கட்டிலில் தலையணை இல்லை. டிரைவரின் முதுகுக்குப் பின்னால் இருந்த அடுக்கில், எல்லாவற்றுக்கும் மேலே அது இருந்தது.

"இது என்னுது," என்றார் சம்பந்தி.

"எழுந்ததும் தந்துடறேங்க."

"இப்பவே வேணும். ஒரு மனுஷனுக்கு எத்தனை தலையணை? இது வீடா, பஞ்சு மெத்தைக் கடையா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்.

டிரைவர் மறுமுனையை விடவில்லை. இத்தனை நாள் "சரிங்க, சரிங்க" என்று விழுங்கியதெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"படுத்தா மூச்சு முட்டுதுய்யா. என்ன பண்ணச் சொல்றீங்க? சாஞ்சா தண்ணிக்குள்ள முங்கற மாதிரி இருக்கு. ஆசைக்கா அடுக்கி வெச்சிருக்கேன்?"

அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. சம்பந்தி தலையணையை விட்டுவிட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டிரைவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பார்வை காலில் வந்து நின்றது.

"காலு எப்பலேர்ந்து இப்படி வீங்கியிருக்கு?"

"செருப்பு பிடிக்குது, அதான்."

"செருப்பு பிடிச்சா முழங்கால் வரைக்குமா வீங்கும்? சட்டையைப் போடுங்க."

"பையன் வரட்டுமே."

"மாப்பிள்ளை வரப்ப வரட்டும். கிளம்புங்க."

பக்கத்துத் தெருவில்தான் கிளினிக். நடக்க விடாமல் டாக்ஸி பிடித்தார் சம்பந்தி. டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. டிரைவர் அவர் முன்னால் உட்கார்ந்ததும் சிரித்த முகமாக ஆரம்பித்தார்.

"ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் வாயு."

"வாயு இல்ல டாக்டர். படுத்தா மூச்சு முட்டுது," என்றார் சம்பந்தி.

"எப்பவாவதுதான்."

"தினமும்."

"ரெண்டு மாடி ஏறினா யாருக்கும்தான் இளைக்கும்."

"இவர் குளியலறைக்குப் போய் வந்தாலே இளைக்குது."

டாக்டர் சம்பந்தி பக்கமே திரும்பி உட்கார்ந்துவிட்டார். "எத்தனை தலையணை வெச்சுத் தூங்கறார்?"

"ஆறு. அதுல ஒண்ணு என்னுது."

டாக்டர் சிரிக்கவில்லை. டிரைவரின் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

அங்கே சேர்த்து, மறுநாள் விளக்கமாகச் சொன்னார்கள். இதயம் பலவீனப்பட்டிருக்கிறது, ரத்தத்தைத் தள்ளப் போதுமான தெம்பு அதற்கு இல்லை. பகலில் காலில் தேங்குகிற நீர், படுத்ததும் மேலே ஏறி நுரையீரலைத் திணறடிக்கிறது. உட்கார்ந்தால் இறங்குகிறது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கதை வேறு என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். கேட்டுக்கொண்டிருந்த மகன் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டான்.

நீர் பிரிய மருந்து கொடுத்தார்கள். கால் வடிந்தது. டிரைவர் தயங்கித் தயங்கி அந்தச் சந்தேகத்தைக் கேட்டார்.

"இடது பக்கம் படுத்தாதான் இதயத்துக்கு நல்லதுன்னு சொன்னாங்களே?"

"எல்லாருக்கும் ஒரே விதின்னு எதுவும் கிடையாதுங்க. உங்களை மாதிரி இதயம் பலவீனமானவங்களுக்கு இடது பக்கம் படுத்தா நிறைய பேருக்குச் சங்கடமாதான் இருக்கும். வலது பக்கம் சுகமா இருந்தா அப்படியே படுங்க. தலையைக் கொஞ்சம் உயர்த்திக்கலாம். ஆனா மறுபடி தலையணை கூட ஆரம்பிச்சா, தலையணை வாங்காதீங்க, இங்க வாங்க."

வீடு திரும்பியதும் மருமகள் சமையலில் உப்பைக் குறைத்தாள். மாமனாருக்குத் தனியாகச் சமைக்கட்டுமா என்று யோசித்தவளை அவள் அப்பாவே தடுத்தார். எல்லாருக்கும் ஒரே சமையல் போதும் என்றார். சூப்பில் ஒரு துளி மிளகு குறைந்தால் மூன்று நாள் பேசுகிற மனுஷர், உப்புச் சப்பில்லாத சோற்றைத் தலைகுனிந்து மென்று விழுங்கினார். எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் சம்பந்தியின் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

மெதுவாக நடக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு மாலை இருவரும் பூங்கா வரைக்கும் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முன்பெல்லாம் பூங்கா வாசலிலேயே டிரைவருக்கு இளைத்துவிடும். இப்போது உட்கார்ந்த கையோடு பேச முடிந்தது.

"சம்பந்தி, உங்ககிட்ட ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்."

"நன்றி கின்றின்னு ஆரம்பிச்சிடாதீங்க. உங்க உடம்புக்காக நான் ஒண்ணும் சண்டை போடல. தலையணைக்காகத்தான் போட்டேன்."

"அதுக்குத்தான் சொல்றேன். நீங்க தன்மையா வந்து, 'உடம்புக்கு என்ன?'ன்னு கேட்டிருந்தா, நானும் தன்மையா ஒண்ணுமில்லன்னு சொல்லியிருப்பேன். பையன் கேட்டான், அப்படித்தான் சொன்னேன். உங்க பொண்ணு கேட்டா, அவகிட்டயும் அதேதான். நீங்க பிடிச்சு இழுத்ததாலதான் வாயில வந்துடுச்சு."

சம்பந்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் அதைப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஆஸ்பத்திரியில நீங்க இருந்தப்ப அறையில எனக்குத் தூக்கமே வரலை," என்றார். "யாரையும் குறை சொல்ல முடியாம பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு."

டிரைவர் சிரித்தார். நெஞ்சு இறுக்காமல் கடைசி வரைக்கும் சிரிக்க முடிந்தது. அது அவருக்கே புதுசாக இருந்தது. வெயில் தாழ்ந்து, பூங்காவில் நடக்க வந்தவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். இருவரும் எழுந்தார்கள். திரும்பும் வழியில் ஒரு மேடு இருந்தது. அங்கே சம்பந்தி நடையைக் குறைத்தார். டிரைவர் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு ஏறினார்.