இளஞ்சிவப்பில் ஒரு கண்ணீர்த் துளி

1

இது திருட்டுச் சரக்கு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் மகள் தாம்சினின் வீட்டுப்பாடத்திலிருந்து எடுத்தது. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் ஒரு தேர்வு உண்டு. பத்திரிகைக் கடிதம் ஒன்றைக் கொடுப்பார்கள். எழுதியவர் வாசகரை எப்படித் தன் பக்கம் இழுக்கிறார் என்று பிரித்துக் காட்ட வேண்டும். பயிற்சிக்குக் கடிதம் தேடினாள். நான் எழுதிய கடிதத்தையே பெருமையோடு நீட்டினேன். (பெருமை பாவம் என்று வாராவாரம் எங்கள் கிறிஸ்தவ சபையில் கேட்கிறேன். கேட்பதோடு சரி.)

2

பெனல்லாவின் கூரைகள்மேல் உறைபனி மெல்ல

(வேண்டாம். பெனல்லா எங்கள் ஆஸ்திரேலியச் சிற்றூர், அது போதும். பனிக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை.)

எங்கள் சபை மண்டபத்தில் வெள்ளிக்கிழமை காலைகளில் யார் வந்தாலும் டோஸ்டும் பீன்ஸும் தேநீரும் கொடுக்கிறோம். மண்டபத்தை ஒரு ஜிம்முக்கு வாடகைக்கு விடலாமா என்று ஞாயிறன்று சபையார் வாக்களிக்க இருந்தார்கள். விட்டால் காலை உணவு நின்றுவிடும். அதைத் தடுக்கத்தான் உள்ளூர்ப் பத்திரிகைக்கு என் கடிதம். வியாழன் நண்பகலுக்குள் கொடுத்தால் சனிக்கிழமை வரும்.

3

தாம்சின் மூன்று ஹைலைட்டர்களோடு சமையலறை மேசையில் உட்கார்ந்தாள்.

"'நம் ஊர், நம் பிள்ளைகள், நம் மனசாட்சி.' ஒரே வரியில மூணு 'நம்'. எல்லாரையும் கையப் பிடிச்சு இழுக்கறீங்கப்பா."

"இழுத்தா தப்பா?"

"தப்புன்னு சொல்லல. மஞ்சள்னு சொல்றேன். 'இரும்பு தூக்கும் சுயநலக்காரர்கள்.' இது பச்சை, எதிராளியத் திட்டறது. அம்மாவும் ஜிம்முக்குப் போறாங்க, தெரியும்ல?"

கடைசிப் பத்தி முழுக்க இளஞ்சிவப்பானது. இரக்கத்தைத் தூண்டும் இடங்களுக்கு அந்த நிறம். மனைவியை இழந்த டெஸ் என்ற எழுபத்தொன்பது வயதுக்காரர் எங்கள் டோஸ்டை வாங்கும்போது, ஒரு கண்ணீர்த் துளி தட்டில் விழுந்ததாக எழுதியிருந்தேன்.

"டெஸ் நிஜமாவே அழுதாரா?"

"கண்ணு கலங்கியிருந்துச்சு."

"அப்பா."

"அன்னைக்கு அவருக்கு ஜலதோஷம்."

அவள் சிரிக்கவில்லை. "உத்தியோட பேரு மட்டும் சொன்னா மார்க் இல்லன்னு எங்க மிஸ் சொல்வாங்க. அது யாருக்கு என்ன செய்யுதுன்னு எழுதணும். சபைக்காரங்களுக்கு என்ன செய்யும்னு எழுதிட்டேன். டெஸ் இதப் படிச்சா, அவருக்கு என்ன செய்யும்?"

டெஸ் அந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர்.

4

இந்த இடத்தில் கதைக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கண்ணீர் ஜெயிக்கிறது, மண்டபம் தப்புகிறது, டெஸ் மட்டும் அதன்பின் வருவதில்லை. இரண்டாவதில் கண்ணீரை அடித்துவிடுகிறேன், கடிதம் ஈரமில்லாமல் போகிறது, மண்டபமும் போகிறது. மூன்றாவதில் ஆண்டவரே தலையிடுகிறார். தாம்சின் கையில் ஹைலைட்டர் இருந்ததால் அதைக் கிழித்துவிட்டேன்.

5

நடந்தது இது. புதன்கிழமை கடிதத்தோடு டெஸ் வீட்டுக்குப் போனேன். கண்ணாடி மாட்டி நிதானமாகப் படித்தார்.

"ஏம்ப்பா லாய்ட்," என்றார் என்னைப் பார்த்து, "யாரு இந்தப் பாவப்பட்ட மனுஷன்?"

"நீங்கதான்."

"நானா? நான் என்ன உன் டோஸ்டுக்கா வர்றேன்? அது பாதி நாள் கருகியிருக்கும்."

"பின்ன எதுக்கு வர்றீங்க?"

"பாத்திரம் கழுவ. இங்க எனக்கு ஒரு தட்டுதான் இருக்கு. அங்க அறுபது இருக்கு." கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "வேணும்னா அதப் போடு. அப்புறம், வயசு எழுபத்தெட்டு."

அதைப் போட்டேன், அவர் சொன்னபடியே. கண்ணீரையும் சுயநலக்காரர்களையும் எடுத்தேன். 'நம்' ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன், நானும் மனிதன்தானே. தாம்சின் இளஞ்சிவப்பு ஹைலைட்டரைத் திறந்தாள், டெஸ்ஸின் தட்டு வரியின்மேல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள், மூடிவிட்டாள்.

6

வாக்கெடுப்பு முடிவைச் சொல்லமாட்டேன். ஜெயித்திருந்தால் உண்மைக்குக் கிடைத்த பரிசு என்று பிரசங்கம் செய்வேன். தோற்றிருந்தால் உங்கள் இரக்கத்தைக் கேட்பேன். என்னை எனக்குத் தெரியும்.

அதனால் நீங்களே வாக்களியுங்கள். இதோ சீட்டு, இதோ பென்சில். மண்டபத்துக்கு வெளியே, குளிரில், துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு டெஸ் தனியாக

(இல்லை. அவர் அங்கே நிற்கவில்லை. அடித்துவிட்டேன். இப்போது போடுங்கள்.)