எட்டு மாதப் பிடித்தம்

பிரான்சிஸ் கொண்டுவந்த பால்கோவாவைப் பரிமளாவால் விழுங்க முடியவில்லை.

"சாப்டுங்கக்கா. வரி ஆபீசுலேர்ந்து மொத்தமும் வந்துடுச்சு. நீங்க இல்லன்னா அந்தக் காசை நாங்க மறந்தே போயிருப்போம்."

திண்டிவனத்துக்கு வெளியே, உதிரிபாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் போடுபவள் பரிமளா. ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிசாக வந்த பிரான்சிஸ் உள்ளிட்ட நான்கு பேரை அவள்தான் கணினியில் ஏற்றினாள். அவசரத்தில், எப்போதாவது வந்துபோகும் ஆலோசகர்களின் பட்டியலில் ஏற்றிவிட்டாள். அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு நூற்றுக்குப் பத்து வருமான வரி தானாகப் பிடிபடும். மாதம் ஒன்பதாயிரம் வாங்கும் பிள்ளைகள் வரியே கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் மாதாமாதம் தொள்ளாயிரம் போய்க்கொண்டே இருந்தது. வருடம் முடிந்த பிறகுதான் அது அவள் கண்ணில் பட்டது.

மேலாளர் கோதண்டபாணியிடம் போய்ச் சொன்னாள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"காசு எங்க ஓடிப்போச்சு, கவர்மெண்டுலதான இருக்குது? அதுங்களே ரிட்டன் போட்டு வாங்கிக்கட்டும். தப்பு நம்மளுதுன்னு நீ ஊர் பூரா தமுக்கு அடிச்சிக்கினு திரியாத."

அவள் தமுக்கு அடிக்கவில்லை. மதிய இடைவேளைகளில், இன்னும் அங்கே இருந்த மூன்று பேருக்கும் தானே உட்கார்ந்து ரிட்டன் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் அக்கா, அக்கா என்று உருகியபோது தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமா, கேட்கக் கொஞ்சம் சுகமாகவும் இருந்தது. அந்தச் சுகம்தான் இப்போது பால்கோவாவோடு சேர்ந்து தொண்டையில் நின்றது.

நான்காவது ஆள் ரோஜா. எட்டு மாதத்தில் ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டவள். டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் ரிட்டன் போடாவிட்டால் அவள் பணம் போனது போனதுதான். இன்னும் நான்கே நாள்.

"ரோஜா எங்கடா இருக்குது?"

"விழுப்புரத்துல, ஜவுளிக்கடையில நிக்குதுக்கா. லேத்துல நின்னா எங்க மூணு பேரையும் தூக்கிச் சாப்டும். இப்ப பொடவை மடிச்சிக்கினு இருக்குது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பரிமளா பஸ் ஏறினாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி ஊர்ந்த நேரமெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்தாள். உதவி செய்ய வந்தவளாகப் பேசிய பேச்சு சரளமாக வந்தது. தப்பு தன்னுடையது என்று சொல்லும் மற்றொரு பேச்சு முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை.

ரோஜாவின் முகமே அவளுக்குச் சரியாக நினைவில்லை. ஒரு நாள் அந்தப் பெண் அலுவலக ஜன்னலில் வந்து நின்றாள். கம்பியைப் பிடித்திருந்த விரல்களில், நகக்கண்ணில் ஆயில் கறுத்திருந்தது.

"மேடம், இன்னும் எத்தினி மாசம் பிடிப்பாங்க?"

"ட்ரெயினிங் முடியற வரைக்கும் பிடிப்பாங்க. போம்மா, வேலை இருக்குது."

நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே முகம் நினைவிருக்கும். அன்றைக்கு ஒரே ஒரு முறை பட்டியலைத் திறந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும்.

கடையில் ஊழியர்களின் செல்போனைக் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். டீ இடைவேளையில் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு ரோஜா பின்பக்கப் படிக்கு வந்தாள். காலி அட்டைப்பெட்டிகளைத் தள்ளிவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள்.

"ஜல்தி சொல்லுங்க மேடம். கால் மணி நேரம்தான் வுடுவாங்க."

பரிமளா சொன்னாள். எட்டு மாதம் பிடித்த வரி, ஏழாயிரத்து இருநூறு ரூபாய், அப்படியே திரும்பி வரும். அவள் போனுக்கு வரும் ஓ.டி.பி. மட்டும் வேண்டும்.

ரோஜா போனை மடியிலேயே வைத்திருந்தாள். "வேணாம் மேடம். அது நான் ஒடைச்சதுக்குப் பிடிச்சதுதான?"

"எதை ஒடைச்ச?"

"டேப்பு மேடம். சேந்த மொத வாரம் மரை வெட்டறப்ப துளைக்குள்ளயே முறிஞ்சிடுச்சு. மொத சம்பளத்துலேர்ந்தே தொள்ளாயிரம் கொறைஞ்சுது. உங்களாண்ட வந்து கேட்டனே. முடியற வரைக்கும்னீங்க. எங்கப்பா தெனமும் திட்டிக்கினே இருந்தாரு, தெண்டம் கட்டறதுக்கா உன்ன பஸ் காசு குடுத்து அனுப்பறேன்னு. எனக்கும் வெக்கமாப் போச்சு. நின்னுட்டேன்."

பட்டறை மூலையில், துளையில் மரை வெட்டும் எஃகு டேப்புகள் முறிந்தால் போட்டுவைக்கும் பெயின்ட் டப்பா பரிமளாவின் கண்முன் வந்தது. பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். முறிக்காத ஆளே அங்கே கிடையாது.

"டேப் ஒடைஞ்சதுக்கு அங்க யாருக்கும் பிடிச்சது இல்ல ரோஜா."

இதோடு நிறுத்திவிடலாம். கம்ப்யூட்டரில் ஏதோ தப்பு என்றால் கம்ப்யூட்டரை யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்? இந்தப் பெண்ணும் அக்கா என்பாள். அதை நினைத்தபோதுதான் பரிமளாவுக்கு வாய் திறந்தது.

"வேற பட்டியல்ல தப்பா ஏத்தினது நான்தான். நீ வந்து கேட்டப்பகூட நான் தெறந்து பாக்கல."

ரோஜா தன் விரல்களைப் பார்த்தாள். நகங்கள் இப்போது சுத்தமாக இருந்தன.

"அந்த டேப்பு எவ்ளோ இருக்கும் மேடம்?"

"முந்நூறு, நானூறு இருக்கும்."

ரோஜா ஒரு தடவை சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "திரும்பி வந்து சேர முடியுமா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று பரிமளாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அன்றைக்கு ஜன்னலில் சொன்னதும் இதே மாதிரி ஒரு பேச்சுதான்.

"முடியாதும்மா. ஒப்பந்தத்தை அப்பவே முடிச்சு அனுப்பிட்டாங்க."

ரோஜா தலையாட்டினாள். ஓ.டி.பி. வந்ததும் ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள். பரிமளா தன் போனில் தட்டினாள். ரிட்டன் போய்ச் சேர்ந்தது என்று திரை காட்டியது. உள்ளேயிருந்து யாரோ ரோஜாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அவள் எழுந்து சுடிதாரைத் தட்டிக்கொண்டாள். "எங்கப்பா நம்பர் சொல்றேன், போட்டுக்கங்க மேடம். ஒரு வார்த்தை அவராண்ட சொல்லுங்க. காசு வருதுன்னு இல்ல. நான் ஒடைச்சதுக்குப் பிடிக்கலன்னு சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

எண்ணைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பரிமளா அந்த எண்ணை அழைத்தாள்; மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போனால் தேவலை என்று பரிமளாவின் ஒரு மனம் வேண்டிக்கொண்டது.

"யாருங்க?" என்றது ஓர் ஆண் குரல்.

பரிமளா படியிலிருந்து எழுந்து நின்றாள்.

"உங்க பொண்ணு சம்பளத்துல தப்பாப் பிடிச்சவ பேசறேங்க."