தனியே விட்ட மரம்

எனக்கு வாய் அதிகம். இதை நானே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் சொல்ல வேண்டாம். அப்பா எங்கள் இருவர் பேருக்கும் விட்டுப்போன ஆறு ஏக்கர் மரக்காட்டைப் பதினோரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மரம் என் பொறுப்பு, அதில் வந்து உட்காருகிறதெல்லாம் தங்கை பொறுப்பு என்று வீட்டில் கேலியாகச் சொல்வோம்.

தெற்கு மூலையில் பொந்து விழுந்த கிழட்டு மரம் ஒன்று. பலகைக்கு உதவாது. வருடா வருடம் அதில்தான் இருவாட்சிப் பறவைகளின் குடித்தனம். பெட்டை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வாசலை மண்ணால் பூசி அடைத்துவிடும். அலகு நுழைய ஒரு கீற்று மட்டும் விட்டிருக்கும். குஞ்சு வளர்கிறவரை, மூன்று மாதம், ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். "இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும்?" என்று நான் பெருமூச்சு விட்டால் தங்கை சிரிக்க மாட்டாள். அது வந்த நேரத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள்.

தேக்கு நெருக்கியடித்துக்கொண்டு மெலிந்துபோய் நின்றது. இடையிடையே வெட்டினால்தான் மீதி பருக்கும். வெட்டு, ஆனால் பொந்து மரத்தில் கை வைக்காதே என்று தங்கை ஒற்றைக் காலில் நின்றாள். நானே சுண்ணாம்பு எடுத்துப்போய் அதைச் சுற்றி ஒரு வளையம் போட்டேன். வளையம் போட்டதைத் தொடக்கூடாது என்பது எங்கள் காட்டு வழக்கம். அதற்காக அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள், ஐம்பது வயதில்.

வெட்ட வந்த ரம்பக்காரர் அந்த மரத்தடியில் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். தங்கை அப்போது அங்கே இல்லை.

"இதைத் தனியா விடாதீங்கம்மா. சுத்தி நிக்கிற அஞ்சு மரம்தான் இதுக்குக் காத்தை மறைக்குது. அதையும் சேத்து விட்டுடுங்க."

அந்த ஐந்தும் நல்ல தேக்கு. ஆளை அசத்துகிற மாதிரி நேராக நின்றவை.

"நீங்க மரம் வெட்ட வந்தீங்களா, ஜோசியம் சொல்ல வந்தீங்களா?" என்றேன்.

அவர் ரம்பத்தின் கயிற்றை இழுத்து முடுக்கினார்.

வெட்டு முடிந்து இருபதாம் நாள் பெட்டை பொந்துக்குள் போனது. தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. "உன் ரம்பச் சத்தத்துக்கே பயப்படல பாருக்கா" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

அது உள்ளே போன ஐம்பதாம் நாள், மதியம், மழையோடு காற்று கிளம்பியது. சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினோம். திறந்த இடத்தில் அந்த மரம் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அடிமண் மேலே எழும்பி இறங்கியது.

"பொந்தை உடைச்சு எடுத்துடலாமாடீ?"

"எடுத்து என்ன பண்ணுவே? உள்ள போனதும் இறகெல்லாம் உதிர்த்துட்டு உட்கார்ந்திருக்கும். பறக்காதுக்கா. குஞ்சுக்கு இன்னும் முடிகூட முளைச்சிருக்காது."

ரம்பக்காரருக்குப் போன் போட்டேன். மனிதர் தோளில் வடக்கயிற்றோடு நனைந்துகொண்டே வந்தார். மரத்தை ஒரு சுற்று சுற்றினார்.

"இந்த ஆட்டத்துல இதுல ஏற முடியாதும்மா. பக்கத்து மரத்துல ஏறித்தான் கயிறை வீசி இழுத்துக் கட்டணும்."

பக்கத்தில் ஐந்து அடிக்கட்டைகள் இருந்தன. அன்றைக்கே சொன்னேனே என்று தங்கை முன்னால் கேட்கப்போகிறார் என்று நின்றேன். அவர் கேட்கவில்லை. எங்கள் இருவரையும் தூரமாக நகர்த்தி நிறுத்திவிட்டுக் கயிற்றைக் கீழே வைத்தார்.

மூன்று பேரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு மணிக்கு அது வேரோடு சாய்ந்தது. பொந்து இருந்த இடம் இரண்டாகப் பிளந்தது. பெட்டையும் ஒரே குஞ்சும் அங்கேயே செத்துக் கிடந்தன. மழை விட்டதும் ரம்பக்காரர் அவற்றின்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போனார்.

தங்கை ஓர் அடிக்கட்டையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ விட்டு வெச்சேல்லக்கா. காத்தடிச்சா அதுக்கு நீ என்ன பண்ணுவே."

அப்போதுதான் ஆண் வந்தது. அலகு நிறைய அத்திப்பழம். வாசல் இருந்த உயரத்தில் ஒரு வட்டம் போட்டது. தள்ளி ஒரு தேக்கில் போய் உட்கார்ந்தது. திரும்ப வந்து அதே உயரத்தில் வட்டம் போட்டது. பழத்தைக் கீழே விடவில்லை. என்னால் தாங்க முடியவில்லை.

"அவர் சொன்னார்டீ" என்றேன். "இந்த அஞ்சையும் விடச் சொன்னார். நான்தான் கேக்கல. வாய்க்கொழுப்பு எனக்கு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மடியிலிருந்த நோட்டைத் திறந்து, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"மணி என்னக்கா?"

"அஞ்சே கால்."

எழுதிக்கொண்டாள். ஆண் மறுபடி வந்தது.